மஞ்சள் மிதவைக்கு அருகே ஒரு படகு

தால்சு வெகுநேரமாகத் தொலைநோக்கியைக் கண்ணைவிட்டு எடுக்கவில்லை. சோறும் கிம்ச்சியும் கொண்டுவந்த மனைவி மல்சுன் அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். தூரத்தில் ஒரு வெள்ளை வாடகைப் படகு, சிவப்புக் குடை. குடைக்குக் கீழே ஒட்டிக்கொண்டு இரண்டு உருவங்கள்.

"மகளைக் கட்டிக்குடுத்த வயசுல இந்தப் பார்வையா, ஹேரான் அப்பா? உங்களுக்குச் சோறு போடுற கையை உப்புப் போட்டுக் கழுவணும்."

அவள் டப்பாவைத் திறந்தாள், மறுபடி மூடினாள்.

"புருஷன் பொண்டாட்டின்னாலும் பட்டப்பகல்ல இப்படியா?"

"அவன் பொண்டாட்டி இல்ல அது."

"ஓ, அதுகூடத் தெரியுதா? நல்ல அனுபவம்தான்."

கரையோரக் காவல் அறையில் தால்சுவுக்கு ஒரே வேலை. தீவுக்கு மின்சாரம் கொண்டுவரும் கம்பி, மஞ்சள் மிதவைகளுக்கு அடியில் கடல் தரையில் கிடக்கிறது. அங்கே நங்கூரம் போடுகிறவனை வயர்லெஸ்ஸில் அழைத்து விரட்ட வேண்டும். துறைமுகத்துப் படகுகள் எல்லாவற்றிலும் அது கேட்கும். அந்த மானக்கேட்டுக்குப் பயந்தே யாரும் அந்தப் பக்கம் போவதில்லை.

"நங்கூரத்தை இழுத்துக்கிட்டே மிதவைப் பக்கம் போறான். கூப்பிடுங்க."

"இரு. அவனே எடுத்துடுவான்."

"நீங்க ரசிச்சு முடிக்கிற வரைக்குமா? போன வருஷம் கம்பி அறுந்து, பண்ணையில மோட்டார் நின்னு, தொட்டி தொட்டியா மீன் செத்து நாறுச்சே. உங்களுக்கு அந்த நாத்தமே தேவலாம்."

தால்சு மைக்கை எடுத்தார். பொத்தானை அழுத்தாமலே வைத்துவிட்டார்.

மல்சுன் பிடுங்கினாள்.

"ஏய், வெள்ளைப் படகு. நங்கூரத்தைத் தூக்குடா. கட்டினவ வீட்டுல இருக்க, கண்டவளோட கொஞ்சுறதுக்கு எங்க கரண்டு கம்பி மேலதான் எடம் கெடைச்சுதா?"

துறைமுகமே சிரித்தது. "அண்ணி, இன்னொரு தடவை சொல்லுங்க, சரியாக் கேக்கல," என்றது ஒரு குரல். சிவப்புக் குடை அவசரமாக மடங்கியது. நங்கூரம் மேலே வந்தது. கம்பி தப்பியது.

மல்சுன் சன்னலுக்கு வெளியே காறித் துப்பினாள். "இந்த நாய்க்கும் ஒரு வீட்டுல பொண்ணு குடுத்திருப்பாங்க பாருங்க, குருட்டு ஜென்மங்க."

மைக் பொத்தானை இன்னும் அழுத்திக்கொண்டிருந்த அவள் விரலைத் தால்சு மெல்ல விலக்கினார்.

"நாமதான் குடுத்தோம், ஹேரான் அம்மா."