ஈரப் புல்

அலுவலகத்தை ஒட்டிய புல்வெளியில் நிற்கும் வெள்ளை மரப்பெட்டிக்குள் வெப்பமானி காட்டுவதுதான் அந்த விமான நிலையம் முழுமைக்கும் வெயில். அது நாற்பதைத் தொட்டால் ஓடுபாதையில் தார் போடுகிறவர்களை நிழலுக்கு அனுப்பிவிட வேண்டும். அன்று மேலதிகாரி பார்வையிட வருகிறார் என்று, காய்ந்து கிடந்த புல்லுக்குக் காலையிலிருந்தே குழாயைத் திறந்துவிட்டிருந்தார் வானிலைப் பதிவாளர் நல்லசிவம். இரண்டரை மணிக்குப் பார்த்தபோது முப்பத்தெட்டரை. ஈரத்தால் ஒன்றிரண்டு டிகிரி குறைந்திருக்கும் என்று அவருக்குத் தெரியும். ஆனாலும் கண்ணால் கண்டதைத்தானே எழுத முடியும்? எழுதினார். வேலை நிற்கவில்லை. மூன்று மணிக்குத் தார்ச்சட்டியோடு சுருண்டு விழுந்த தொழிலாளி சுடலை, ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே இறந்துபோனார்.

பத்து நாள் கழித்துச் சுடலையின் மனைவி பேச்சி அலுவலக வாசலில் வந்து நின்றாள்.

"அன்னைக்கு வெயிலு எம்புட்டு சார்? உங்ககிட்டதான் கேக்கச் சொன்னாவ."

நல்லசிவம் பதிவேட்டைப் பிரித்தார். அவர் கையெழுத்துதான்.

"முப்பத்தெட்டரைம்மா."

"அவ்வளவுதானா?" அவள் முகம் வாடிவிட்டது. "அப்ப வெயிலு மேல குத்தமில்ல. எம்மேலதான். எந்திரிக்க நேரமாயிட்டுன்னு அன்னைக்கு நீச்சத்தண்ணிகூடக் குடுத்துவிடல."

நல்லசிவம் பதிவேட்டை மூடினார். அவள் கொதிக்கும் சிமெண்டுத் தரையில் வெறுங்காலோடு இறங்கி நடந்தாள். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் பாயும் புல்லில் கால் பட்டதும் நின்று திரும்பிப் பார்த்தாள்.

"இங்க மட்டும் எப்படி சார் இப்படிக் குளுந்து கெடக்கு?"