பனி விடுமுறை

அது ஜனவரியா பிப்ரவரியா என்று சரியாக நினைவில்லை. அமெரிக்காவின் வடக்கே இருக்கும் டுலூத் நகரில் இரண்டு மாதமும் பனிதான்.

பள்ளி முடிந்தபின் கூடும் கணினி வடிவமைப்பு மன்றத்தில், பனி அதிகம் கொட்டும் நாளில் பள்ளி அனுப்பும் விடுமுறை அறிவிப்பு மாதிரி ஒன்றை உருவாக்கச் சொல்லியிருந்தார் மார்லிஸ் டீச்சர். சிறந்த படம் மாநிலப் போட்டிக்குப் போகும். மாணவி ஜோலீனின் படத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

"பென்குவின் எதுக்கும்மா? பொறந்தநாள் கார்டு மாதிரி இருக்கு. இத யாரு நம்புவா?"

"போங்க மிஸ், உங்களுக்கு எதுதான் பிடிச்சிருக்கு! அப்ப என் படம் போட்டிக்குப் போகாதா?"

"பாத்தவுடனே நான் நம்பணும். அப்பதான் போகும். திருத்தி அனுப்பு."

மறுநாள் காலை மார்லிஸ் படுக்கையிலிருந்தே போனைப் பார்த்தார். பள்ளி முத்திரையோடு விடுமுறை அறிவிப்பு வந்திருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நிம்மதியாகப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

ஒன்பது மணிக்குத் தலைமையாசிரியர் அழைத்தார்.

"மார்லிஸ், எங்க இருக்கீங்க?"

"வீட்லதான் சார். இன்னிக்கு லீவாச்சே!"

"யாருக்கு? உங்க பிள்ளைங்க எல்லாரும் வகுப்புல உக்காந்திருக்காங்க."

மார்லிஸ் அவசரமாக அந்த அறிவிப்பைத் திறந்தார். அதன் கீழே ஜோலீன் எழுதியிருந்தாள்: "இப்ப ஓகேவா மிஸ்?"

மார்லிஸுக்கு அரைநாள் விடுப்பு கழிந்தது. ஜோலீனின் படம் மாநிலப் போட்டிக்குப் போனது.