உப்பளத்துப் பந்தல்

கிட்ட வந்து உட்காருங்கள் கண்ணுகளா, இனி வரப்போகும் காலத்துக் கதை இது.

தூத்துக்குடி உப்பளத்தில் வாசற்கதவே ஆளின் ரத்தத்தைப் படித்துவிடும். சில பிரஷர் மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு வெயிலில் நின்றால் தோலில் புற்றுநோய் வரக்கூடும் என்று, அவற்றைப் போட்டவர்களுக்குத் திறக்காது. வேலைக்காக மாத்திரையை நிறுத்திய சந்தனமாரிக்கு உப்புப் பாத்தியிலேயே பக்கவாதம் வந்தது.

மறுநாள், அங்கேயே வேலை பார்க்கும் அவள் தங்கை பேச்சிக்கனி, தன் பிரஷர் மாத்திரையை விழுங்கிவிட்டு வாசலில் உட்கார்ந்தாள்.

"அண்ணாச்சி, பந்தல் போடுங்க. அதுவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்."

கணக்கப்பிள்ளை சிரித்தார். "நெழல் விழுந்தா உப்பு எப்படிம்மா வெளையும்?"

"உப்பு காயட்டும், நான் எதுக்குக் காயணும்? என் தலைக்கு மேல மட்டும் சக்கரம் வச்ச பந்தல் ஒண்ணு உருண்டு வரட்டும்."

வேலைக்கு வந்த நாற்பது பெண்களும் அவளோடு உட்கார்ந்துவிட்டார்கள். நான்காம் நாள் வரப்புகளில் பந்தல்கள் உருண்டன. மாத்திரை போட்ட பேச்சிக்கனிக்கும் கதவு திறந்தது.

மருந்தா சோறா என்று தவிக்கும் நாள் உங்கள் வீட்டில் எவருக்கும் வராதிருக்கட்டும், மக்களே.