கரையானுக்கு உபசாரம்

நாலு பேர் முன்னால் எப்படி நடந்துகொள்வது என்று சொல்லித்தரும் பழைய புத்தகம் அது. அலமாரியின் அடித்தட்டில் கிடந்த அதற்குள் ஒரு கரையான் நுழைந்தது. விரட்டப் புத்தகத்துக்குத் தெம்பில்லை; பழக்கமும் இல்லை.

“வாங்க, வாங்க,” என்றது.

கரையான் முன்னுரையைத் தின்றது. கைகுலுக்கும் முறையைத் தின்றது. ‘பெரியோர் முன் கொட்டாவி’ அத்தியாயத்தில் பாதியோடு நிறுத்தி, “போதுங்க, வயிறு நிறைஞ்சிடுச்சு,” என்றது.

விருந்தாளி போதும் என்றால் அப்படியே விட்டுவிடக் கூடாது என்று புத்தகத்திலேயே அச்சாகியிருந்தது. அது அலுப்போடு சொன்னது: “என்னங்க, அதுக்குள்ளயா? இன்னும் கொஞ்சம் சாப்பிடுங்க.”

மறுத்தால் மரியாதையாக இருக்காதென்று மீதிக் கொட்டாவியையும் கரையான் தின்று முடித்தது. பிறகு பணிவாக, “அப்ப நான் போயிட்டு வரேங்க,” என்றது.

“பரவாயில்லைங்க,” என்றது புத்தகம். “போறேன்னே சொல்லுங்க.”