மணல் மூட்டை இருந்த சீட்டு

"இந்த மூட்டையக் கீழ எறக்கிப்போட்டு எம்புள்ளய உக்கார வெச்சுக்கட்டுங்களா சாமி?"

மயிலம்மாள் கேட்டு வாய் மூடுவதற்குள், சூப்பர்வைசர் அன்பரசு தானே மூட்டையை இழுத்து வெளியே போட்டான். மூன்றாவது சீட்டு காலியானது.

எப்போதும் எரிந்து விழுகிறவன். அவன் நன்றாக இருக்கட்டும் என்று மனதார வாழ்த்தினாள்.

நாமக்கல் பக்கத்து அந்தக் குன்றுக் கோயிலுக்கு வின்ச் ரயில் போட்ட இரண்டு வருடமும் ஜல்லியும் மணலும் அவள் தலையில்தான் மலையேறின. முழங்கால் இரண்டும் போயே போய்விட்டன. ஒரே ஒரு தடவை உட்கார்ந்தபடி மேலே போய்ச் சாமியைப் பார்த்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் ஏறுவார்கள். இவளை யார் சீண்டப் போகிறார்கள்?

இன்றைக்குச் சோதனை ஓட்டம். வேலைக்கு வந்த பெண்களை எல்லாம் அன்பரசே கூப்பிட்டு ஏற்றினான். சோறு கொண்டுவந்த மகள் அனிதாவை, வேண்டாம் வேண்டாம் என்றவளை, மயிலம்மாள்தான் கையைப் பிடித்து இழுத்து ஜன்னலோரம் உட்கார வைத்தாள். ஐந்து மாதக் கர்ப்பிணி. இத்தனை படியை எப்படி ஏறுவாள்?

வண்டி நகர்ந்தது.

ஒரே இரும்பு வடம், முனைக்கு ஒரு பெட்டி. மேலே இருப்பது இறங்க இறங்கக் கீழே இருப்பது ஏறும். இரண்டு பக்கமும் எடை ஒத்திருந்தால் மோட்டார் அலட்டிக்கொள்ளாது.

பாதி வழியில், தண்டவாளம் இரண்டாகப் பிரியும் இடத்தில், எதிர்ப்பெட்டி கடந்து போனது. ஆள் ஒருவரும் இல்லை. சீட்டுக்குச் சீட்டு மணல் மூட்டைகள் உட்கார்ந்திருந்தன.

மணலுக்கு வந்த வாழ்வைப் பார் என்று பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். மயிலம்மாளும் சிரித்தாள்.

இன்னும் கொஞ்சம் ஏறியதும், செங்குத்தான சரிவில் வண்டி நின்றது. கோபுரம் தெரிந்தது. அவள் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

அன்பரசு மட்டும் பக்கத்துப் படியில் இறங்கி, கதவை வெளியே கொக்கி போட்டுவிட்டு, மோட்டார் ரூமுக்குப் போன் செய்தான்.

"மூட்டை பத்தலீங்க சார், ஆளுங்கள வெச்சு எடையச் சரி பண்ணிட்டனுங்க. வடத்தத் தளத்தி உடுங்க. நாளைக்கு அது அறுந்தா அடியில இருக்கற பிரேக்கு வண்டியப் புடிக்குமான்னு பாத்துப்போடலாம்."

சொல்லிவிட்டுப் பத்துப் படி தள்ளிப்போய் நின்றுகொண்டான்.

மயிலம்மாள் மகள் பக்கம் திரும்பினாள். அனிதா ஜன்னல் வழியாக அவனுக்கு டாட்டா காட்டிக்கொண்டிருந்தாள்.