ஏழாவது கோவிலின் இடப்பக்கச் சுவர்

பதினேழாவது படத்திலும் ஞானரட்ணம்தான் முன்னால் நின்றார்.

அவருக்குப் பின்னால், மிச்சமிருந்த இடத்தில், ஒரு கோவில் நின்றது.

லண்டன் செவன் கிங்ஸில், ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்த கையோடு, பங்கு மண்டபத்தில் யாத்திரைப் படங்கள் ஓடிக்கொண்டிருந்தன. தென் இத்தாலியில் ஒரு பழைய மலைநகரம்; நானூறு படிகள், ஏழு கத்தோலிக்கக் கோவில்கள். நாற்பது பேரைக் கூட்டிக்கொண்டு போய்வந்த யாத்திரைக் குழுத் தலைவர் சேவியர் ஞானரட்ணம், கையில் மைக்கோடு திரைக்குப் பக்கத்திலும் நின்றார்.

"பரோக், பரோக் எண்டு சொல்லுவினம். அதென்னெண்டால், ஒரு சாண் சுவரையும் சும்மா விடக்கூடாது."

அவரும் அதே கொள்கைக்காரர். ஒரு படத்தையும் சும்மா விட்டிருக்கவில்லை. முறுக்குத் தூண்கள் அவர் தோளிலிருந்து முளைத்தன. சிறகு விரித்த, பொன் பூசிய சம்மனசுகள் அவருடைய வழுக்கைக்கு முடிசூட்டக் காத்திருந்தார்கள். நிலநடுக்கத்தில் இடிந்த நகரத்தை மறுபடி கட்டியெழுப்பிய கதையை, சாந்து குழைத்ததே தான்தான் என்பதுபோல் சொன்னார்.

பின்வரிசையில் பெர்னடெற் இருந்தாள். அந்த மலைநகரத்துப் படங்கள் என்று கேள்விப்பட்டு, ஸ்ட்ரெதமிலிருந்து ரயில் மாறி மாறி வந்தவள். அந்த மண்டபத்தில் அவளுக்கு ஒருவரையும் தெரியாது. ரோல்ஸும் தேத்தண்ணியும் நீட்டியபோது வேண்டாமென்று தலையாட்டினாள்.

அவளுக்கு வேண்டியது ஏழாவது கோவிலின் இடப்பக்கச் சுவர் மட்டும்.

அதில் ஒரு வெண்கல் பதித்திருக்கிறது. தொண்ணூறுகளில் கள்ளக் கப்பலில் வந்து, அந்தக் கரையோரம் அமிழ்ந்துபோனவர்களுக்கான கல். கிடைத்த உடல்களை மலைக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்த ஊர் அது. உடுப்புக்குள் இருந்த பாஸ்போட்டுகளைப் பார்த்துப் பெயர்களையும் பிறந்த திகதிகளையும் கல்லில் செதுக்கியிருக்கிறார்கள்.

இத்தாலியில் இருக்கும் மச்சாள் றஜீனா போன மாதம் போய்ப் பார்த்துவிட்டுப் போன் எடுத்தாள்.

"நிஷாந்தன் எண்டு ஒரு பேரும் இல்லையடி. உன்ர ஆள் எங்கயோ இருக்கிறார். அழாதை."

நிஷாந்தன் பெர்னடெற்றின் கணவன்; வெளிநாடு வரப் புறப்பட்டு, பிறகு ஒரு தகவலும் இல்லாமல் போனவன். இருபத்தெட்டு வருடமாக, அவன் வந்துசேர நேர்த்தி வைப்பதா, இறந்தோர் பூசை ஒப்புக்கொடுப்பதா என்று தெரியாமல் இருக்கிறாள். உயிரோடு இருப்பவனுக்கு இறந்தோர் பூசை வைத்துவிட்டால் அந்தப் பாவம் யாருக்கு?

றஜீனா சொன்னது அவளுக்குப் போதவில்லை. தன் கண்ணால் பார்க்கவேண்டும்.

ஏழாவது கோவில் வந்தது.

நடுவில் பீடம் பொன்னாய் எரிந்துகொண்டிருந்தது. ஞானரட்ணம் அங்கே நிற்கவில்லை. அதிசயமாக, இடப்பக்கச் சுவரோடு ஒட்டி, தோள்களை அகட்டி நின்றார். வெண்கல்லின் நாலு மூலைகள் மட்டும் அவரைச் சுற்றித் தெரிந்தன.

பெர்னடெற் எழுந்தாள்.

"அண்ணை, நீங்கள் இல்லாத படம் ஒண்டும் இல்லையோ?"

மண்டபம் கொல்லென்று சிரித்தது. பலர் கேட்க நினைத்துக் கேட்காமல் விட்ட கேள்வி அது.

"அடுத்ததைப் போடும்," என்றார் ஞானரட்ணம், மடிக்கணினிக்கு முன்னால் இருந்த மனைவி மெற்றில்டாவிடம்.

மெற்றில்டா பாவம், உதவி செய்யத்தான் நினைத்தாள்.

"என்ர போனில ஒண்டு கிடக்கு. இவர் பாத்ரூமுக்குப் போன நேரம் எடுத்தனான்."

இரண்டாவது சிரிப்பு ஓய்வதற்குள் படம் திரைக்கு வந்துவிட்டது. ஆளில்லாத சுவர். வெண்கல். பதினொரு பெயர்கள். யாத்திரை போன நாற்பது பேரும் கூரையை அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தவர்கள். சுவரை வாசித்தவர் ஒருவருமில்லை.

ஆறாவது வரியில், சேவியர் ஞானரட்ணம் என்று இருந்தது.

"அண்ணை, அங்கயும் உங்கட அன்பளிப்போ?" என்று முன்வரிசையிலிருந்து கிளின்ரன் கத்தினான். சிலர் கைதட்டினார்கள்.

"இதென்னப்பா, உங்கட பிறந்த திகதியும் கிடக்கு," என்றாள் மெற்றில்டா.

ஞானரட்ணம் மைக்கை வாயிலிருந்து இறக்கினார்.

"உலகத்தில ஒரேயொரு ஞானரட்ணமோ இருக்கிறது?"

மைக் இல்லாத அவருடைய குரலை அந்த மண்டபம் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டது. சின்னக் குரல்.

அந்தக் காலத்தில் வந்த ஆட்களுக்கு விளங்கிவிட்டது. கைதட்டல் ஒவ்வொரு கையாக நின்றது. லண்டனில் வந்திறங்கியவர் தன் பாஸ்போட்டை ஆள் அனுப்பும் ஏஜென்சிக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். அவருடைய படத்தை உரித்துவிட்டு, அடுத்தவரின் படத்தை அதில் ஒட்டுவார்கள். தலைமாத்தின பாஸ்போட் என்பார்கள். பெயரும் பிறந்த திகதியும் ஒருவருடையவை. தலை மட்டும் வேறு.

கொழும்பு லொட்ஜிலிருந்து கடைசியாகப் பேசியபோது, எந்தப் பெயரில் போகிறேன் என்று நிஷாந்தன் பெர்னடெற்றுக்கு எழுத்துக் கூட்டிச் சொல்லியிருந்தான். ஒருவருக்கும் சொல்லாதே என்றும் சொல்லியிருந்தான். அவள் றஜீனாவுக்குக்கூடச் சொல்லவில்லை.

பெர்னடெற் கதிரைகளுக்கு நடுவால் நடந்து திரைக்குக் கிட்டப் போனாள். ஆறாவது வரியை எழுத்தெழுத்தாக வாசித்தாள். சிலுவை அடையாளம் போட்டாள். பிறகு ஞானரட்ணத்தின் பக்கம் திரும்பினாள். அவள் குரலில் கோபம் இருக்கவில்லை.

"பேர் உங்கடதான், அண்ணை. கிடக்கிறது என்ர மனுசன்."