வாயைப் பொத்திய கை

இதை எனக்கு முதலில் சொன்னது, எங்கள் தெருவுக்கே அக்காவான றுகையா ராத்தாவேதான். போன நோன்பில், அஸர் தொழுதுவிட்டுப் பாயைச் சுருட்டும்போது சொன்னார்.

எங்கள் சாய்ந்தமருதில் 'அழுகல்' என்ற சொல்லை மீனுக்குச் சொல்வோம், மாம்பழத்துக்குச் சொல்வோம். மனிசருக்குச் சொல்வதில்லை. எவ்வளவு பெரிய புண் என்றாலும் 'ஆறுதில்ல' என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

ராத்தா அந்தச் சொல்லை ஒரு மனிசருக்குச் சொன்னார். மகன் பர்ஸான் கட்டாருக்குப் போய் ஒரு கிழமையில், அலுமாரிக்குள் இருந்த தங்கமாலையைக் காணவில்லை. வீட்டு வளவில் நின்று வானத்தைப் பார்த்தார்.

"யா அல்லாஹ், என்ட மாலைய எடுத்த கை அழுகி..."

முடிக்கவில்லை. பக்கத்து வீட்டு ஸுஹைறா வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடிவந்து அவர் வாயைப் பொத்தினார்.

"அந்தச் சொல் வேணாம் ராத்தா. அல்லாஹ்வுக்காக வேணாம்."

"ஒனக்கு ஏன்கா நெஞ்சு பதறுது?"

ராத்தா அந்தக் கையைத் தட்டிவிட்டு, மிச்சத்தையும் சொல்லி முடித்தார். பார்த்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, ஸுஹைறாதான் கள்ளி என்று முடிவுகட்ட அது போதும்.

அடுத்த மாரியில் ஸுஹைறாவுக்கு மீன்முள் குத்தியது. பொத்தின அதே வலக்கை. சீனி வருத்தம், இரத்தத்தில் சர்க்கரை, என்றார் டாக்டர். விரலில் தொடங்கிய புண் உள்ளங்கைக்கு ஏறியது. கடல்காற்று அடித்தால் அந்த நாற்றம் ராத்தாவின் அடுப்படி வரை வரும். ராத்தா ஆக்கிய சோற்றிலும் அதே நாற்றம்.

"கள்ளிக்கிக் கெடச்சிட்டு."

"சாம்பிராணி போட்டும் போகுதில்லியாம்."

"றுகையாட நாக்கு கருநாக்கு. அவட கோழிக்கிக்கூட கல்லெறியாதீங்க புள்ள."

ஸுஹைறா கையைத் துணியால் சுற்றி முந்தானைக்குள் வைத்துக்கொள்வார். ராத்தாவைக் கண்டால் மட்டும் வேலியோரம் வருவார்.

"ராத்தா, பர்ஸான் சுகமா இரிக்கானா?"

"ஓம்."

"கைகால் எல்லாம் சுகமா?"

"ஏன் கேக்காய்?"

"சும்மாதான்."

அந்தக் கேள்வியைக் கேட்டாலே ராத்தாவுக்கு உடம்பு கூசும். தன் வருத்தத்தைப் பிள்ளை மேல் ஏவப் பார்க்கிறாளோ என்று காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதிக்கொண்டு உள்ளே போய்விடுவார்.

ஸுஹைறா மௌத்தான காலையில் அவருடைய மகள் நுஸ்ரத் வந்து நின்றாள்.

"மாமி, உம்மாவ நீங்கதான் குளிப்பாட்டணுமாம். மௌத்தாகிறதுக்கு முந்திச் சொன்ன வஸிய்யத்."

"குத்தத்த ஒத்துக்கொள்ளத்தான்," என்றார்கள் மையித்து வீட்டுக்கு வந்த பெண்கள்.

சீலை மறைப்புக்குள் ராத்தாவும் நுஸ்ரத்தும் இரண்டு பேர்தான். ராத்தா கைக்கட்டை அவிழ்த்தார். முகம் உறங்குவதுபோல் கிடந்தது. கை அந்த உடம்புக்கு உரியதாகவே தெரியவில்லை. யாரோ கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போனதுபோல் இருந்தது.

ராத்தாவுக்கு மனது இளகிவிட்டது. காதருகே குனிந்தார்.

"நான் பொறுத்துக்கிட்டன் ஸுஹைறா. அந்த மாலை ஒனக்கு ஹலால்."

நுஸ்ரத் தண்ணீர் ஊற்றுவதை நிறுத்தினாள்.

"அத உம்மாக்குச் சொல்லாதீங்க மாமி. கட்டாருக்கு கோல் எடுத்து பர்ஸானுக்குச் சொல்லுங்க. அவன் மாலைய எடுத்துப் போறத உம்மா ஜன்னலால கண்டவ."

ராத்தா அந்தக் கையை எடுத்துத் தன் உள்ளங்கையில் ஏந்தினார்.

"பெத்த தாய்ட வாயால அந்தச் சொல் புள்ளைக்கி விழக்கூடா எண்டுதான் உம்மா கைய வெச்சவ. தன்ட கையோட அந்தச் சொல் நிக்காதாம், இன்னும் அவனத் தேடிக்கிட்டு இரிக்காம். கெதியா அத நீங்க திருப்பி எடுக்கட்டாம் எண்டு சொல்லச் சொன்னா."

இதை வாசிக்கிற நீங்கள் ஸுஹைறாவுக்கு ஒரு பாத்திஹா ஓதிவிடுங்கள். அப்படியே பர்ஸானின் கைக்காகவும் ஒரு துஆ கேளுங்கள்.